வந்தவள் மேல் பழி

ஒன்றாயிருந்த அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு போனால், தெருவிலுள்ளவர்கள் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்ப்பதில்லை. கடன் எவ்வளவு, கணக்கு எழுதியது யார், கடையில் நஷ்டம் எத்தனை என்றெல்லாம் விசாரிப்பதும் இல்லை. "சின்னவன் பெண்டாட்டி வந்து எத்தனை மாசமாகிறது?" என்ற ஒரே கேள்வியோடு விசாரணை முடிந்துவிடும். தீர்ப்பும் அப்போதே எழுதியாகிவிடும்.

இது ஏதோ நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் படித்தவர்கள், பாமரர்கள் என்ற பேதமில்லாமல் லட்சக்கணக்கான பேர் இதே கேள்வியைக் கேட்டு, இதே தீர்ப்பை எழுதினார்கள். அதை மாற்றி எழுத அரை நூற்றாண்டு பிடித்தது.

பிரிந்த குடும்பம், 'பீட்டில்ஸ்' என்ற பாட்டுக் கோஷ்டி. பழி சுமந்த மருமகள், ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ.

நாலு பிள்ளைகள்

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுகப் பட்டணத்துப் பிள்ளைகள். 1962ல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1964ல் அமெரிக்காவுக்குப் போனபோது, டெலிவிஷனில் அவர்கள் பாடியதை ஏழு கோடிக்கும் அதிகமான பேர் பார்த்தார்கள். பெண்கள் அவர்களைக் கண்டு அலறினார்கள், அழுதார்கள், மூர்ச்சை போட்டு விழுந்தார்கள்.

ஜானும் பாலும் பாட்டுக் கட்டுவதில் ஜோடி. யார் எழுதினாலும் இருவர் பெயரையும் சேர்த்தே போடுவது என்று பிள்ளைப் பிராயத்திலேயே செய்துகொண்ட ஏற்பாடு. வரவு செலவு, ஒப்பந்தம், பிரயாணம் எல்லாவற்றையும் பிரயன் எப்ஸ்டீன் என்பவர் கவனித்துக்கொண்டார். அவர் ஒருவர் இருந்தவரையில் இந்த நால்வருக்கும் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஜான் 1962லேயே சிந்தியா என்ற பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டிருந்தார். மறு வருஷம் ஜூலியன் என்ற பிள்ளை பிறந்தான். ஆனால் இந்த விவாகம் ஆரம்பத்தில் ரகசியமாகவே வைக்கப்பட்டது. மனைவி இருப்பது தெரிந்தால் ரசிகைகளின் மனம் உடைந்துவிடுமாம்! பாடகரின் மனைவி யாராயிருந்தாலும் அவள் ஓர் இடைஞ்சல் என்ற எண்ணம், யோகோ வருவதற்கு முன்பே அந்த வீட்டில் குடியேறிவிட்டது.

டோக்கியோவிலிருந்து ஒரு பெண்

யோகோ 1933ல் டோக்கியோவில் பெரிய செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பாங்கு உத்தியோகஸ்தர். இளமையில் பியானோ வித்துவானாக ஆசைப்பட்டவர். தாயார் ஜப்பானின் பெரிய பாங்கு முதலாளிகளான யாசுதா குடும்பத்துப் பெண்.

1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோ நகரத்தின் மேல் நெருப்புக் குண்டுகள் பொழிந்தன. சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். 12 வயது யோகோ பதுங்கறையில் ஒளிந்து பிழைத்தாள். பிறகு தாயார் குழந்தைகளைக் கிராமப்புறத்துக்கு அனுப்பினாள். மாளிகையில் வளர்ந்தவர்கள் வீட்டுச் சாமான்களைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பட்டணத்துப் பணக்காரர்கள் என்று கிராமத்தார் கேலி செய்தார்கள். பசி தாங்காத தம்பியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி, "இன்றைக்கு என்ன விருந்து சாப்பிடலாம், சொல்!" என்று கற்பனையிலேயே பந்தி பரிமாறினாளாம் அந்தப் பெண். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலையிருக்கிறது.

யுத்தம் முடிந்து, டோக்கியோவில் ககுஷுயின் சர்வகலாசாலையில் தத்துவம் படிக்கச் சேர்ந்தார். அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து, 1960ல் புதுமாதிரிக் கச்சேரிகள் நடத்தினார். 1964ல் 'கிரேப்ஃப்ரூட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். படிக்கிறவர்களை இதைக் கற்பனை செய், அதைக் கற்பனை செய் என்று தூண்டும் சின்னச் சின்னக் குறிப்புகள் அடங்கிய விசித்திரமான புத்தகம் அது.

ஆக, ஜானைச் சந்திக்கும்போது யோகோ ஊர் பேர் இல்லாத பெண் அல்ல. கலைஞர்கள் வட்டாரத்தில் சொந்தப் பெயர் உள்ளவர். இருமுறை மணம் புரிந்தவர். கியோகோ என்ற மகளுக்குத் தாய்.

1966 நவம்பரில் லண்டனில் யோகோவின் கலைக்காட்சிக்கு ஜான் வந்தார். அங்கே ஓர் ஏணி. மேலே கூரையில் ஒரு சட்டம். பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் பூதக்கண்ணாடி. ஏணியில் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பொடி எழுத்தில் 'ஆம்' என்று ஒரே ஒரு சொல். அந்தக் காலத்துப் புதுக் கலையெல்லாம் எதையாவது உடைப்பதும் திட்டுவதுமாக இருக்க, இந்தச் சொல் தம்மை நிற்க வைத்துவிட்டது என்று ஜான் பின்னாளில் சொன்னார்.

சிந்தியாவின் கண்ணீர்

1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நால்வரும் நம் நாட்டுக்கே வந்தார்கள். ரிஷிகேசத்தில் மகேஷ் யோகியிடம் தியானம் பயின்றார்கள். சிந்தியாவும் கூட வந்திருந்தார். கங்கைக் கரையில் கணவரோடு அமைதியாகச் சில வாரம் இருந்தால் கசப்பெல்லாம் தீர்ந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. ஜானோ விடியற்காலையில் எழுந்து தனியாகப் போய்விடுவார். தபாலில் யோகோவின் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த நடை என்பது சிந்தியாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மே மாதம் சிந்தியா கிரீஸ் தேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். அவருடைய வீட்டில், அவருடைய கணவரோடு, வீட்டு உடையில் யோகோ உட்கார்ந்திருந்தார். நவம்பரில் விவாகரத்து முடிந்தது. ஜூலியனுக்கு அப்போது 5 வயது.

இந்த இடத்தில் யோகோவுக்காக வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை. ஒரு பெண்ணின் அடுப்பங்கரைக்குள் இன்னொரு பெண் நுழைந்து உட்கார்ந்ததை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. சிந்தியா பட்ட அவமானம் நிஜமானது. அந்த வேளையில் அவரைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னவர் பால் மெக்கார்ட்னி. போகிற வழியில் குழந்தை ஜூலியனை நினைத்து அவர் முணுமுணுத்த மெட்டுத்தான், பிறகு உலகமெல்லாம் பாடிய 'ஹே ஜூட்'.

ஆனால் ஊர் என்ன சொல்லிற்று? "அந்த ஜப்பான்காரி ஜானைக் கொத்திக்கொண்டு போய்விட்டாள்" என்றது. 27 வயது ஆண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அவர் என்ன, திண்ணையில் வைத்த சொம்பா? சிந்தியாவுக்கு வாக்குக் கொடுத்தவர் ஜான். வாக்கை மீறியவரும் ஜான். குற்றப் பத்திரிகையிலோ முதல் பெயர் யோகோவுடையது. ஜானின் பெயர் சாட்சிகளின் பட்டியலில்!

ஊர் வாய்

வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். யோகோ விஷயத்தில் அந்தப் பழமொழி அட்சரம் பிசகாமல் பலித்தது.

அவர் ஜானைவிட 7 வயது மூத்தவர். அது ஒரு குற்றம். அழகியல்ல என்பது இன்னொரு குற்றம். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் அவர் ஜப்பானியர் என்பது. யுத்தம் முடிந்து கால் நூற்றாண்டு கூட ஆகாத காலம் அது. 1970 டிசம்பரில் அமெரிக்காவின் 'எஸ்கொயர்' பத்திரிகை அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. ஜப்பானியர் 'ல'வையும் 'ர'வையும் மாற்றி உச்சரிப்பார்கள் என்று கேலி செய்யும்படியாக அதற்குத் தலைப்புக் கொடுத்தார்கள். தெருப்பையன்கள் செய்யும் பரிகாசத்தைப் பெரிய பத்திரிகை அச்சுக் கோத்து விற்றது.

வாய்க்கு அவல் கிடைக்காமல் அந்தத் தம்பதி பார்த்துக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1968ல் இருவரும் ஆடையின்றி நிற்கும் படத்தை இசைத்தட்டின் உறையில் போட்டார்கள். கடைகளில் அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி விற்க வேண்டியதாயிற்று. 1969 மார்ச் 20ந் தேதி ஜிப்ரால்டரில் விவாகம் செய்துகொண்டார்கள். உடனே ஆம்ஸ்டர்டாம் ஹோட்டலில் ஒரு வாரம் படுக்கையில் உட்கார்ந்தபடியே, வியட்நாம் யுத்த காலத்தில் உலக சமாதானத்துக்காகப் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்கள். உலகம் சிரித்தது. "எப்படியும் எங்களைப் படம் பிடிக்க வருவீர்கள், அந்தப் படம் சமாதானத்துக்கு விளம்பரமாகட்டுமே!" என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கூத்துக்கு நடுவே யோகோவுக்குக் கர்ப்பம் கலைந்தது, ஒருமுறையல்ல. அதைப் பற்றி ஊர் அதிகம் பேசவில்லை.

பாகப் பிரிவினை

இனி முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருவோம். பீட்டில்ஸ் கோஷ்டியைப் பிரித்தவர் யோகோதானா?

பாட்டுப் பதிவு செய்யும் அறைக்குள் மனைவிமார் வருவதில்லை என்பது நால்வருக்குள்ளும் எழுதாத சட்டம். ஜான் அதை மீறி, யோகோவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். 1969 ஜூலையில் ஒரு கார் விபத்துக்குப் பிறகு, கர்ப்பிணியாயிருந்த யோகோவுக்காக அந்த அறையில் ஒரு கட்டிலே கொண்டு வந்து போட்டார்கள்! மற்ற மூவருக்கும் எரிச்சல் வந்தது உண்மை. நமக்கும்தான் வந்திருக்கும்.

ஆனால் எரிச்சல் வேறு, பிரிவினை வேறு. வீட்டுக் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1967 ஆகஸ்ட் 27ந் தேதி பிரயன் எப்ஸ்டீன் 32 வயதில் காலமானார். குடும்பத்துக்குத் தூண் சாய்ந்தது. அடுத்து நால்வரும் தாங்களே 'ஆப்பிள்' என்ற கம்பெனியைத் தொடங்கி, யாருக்கும் வியாபாரம் தெரியாமல் பணத்தை வாரி இறைத்தார்கள். லண்டனில் அவர்கள் திறந்த துணிக்கடை 8 மாதம் கூட ஓடவில்லை. கடைசியில் மிச்சமிருந்த உருப்படிகளை வந்தவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

1968 ஆகஸ்டில் ரிங்கோ மனம் கசந்து வெளியேறினார். சமாதானமாகித் திரும்பியபோது அவருடைய டிரம் முழுவதும் பூவால் அலங்கரித்திருந்தார்களாம். 1969 ஜனவரியில் ஜார்ஜ் கோபித்துக்கொண்டு போனார். தாம் கட்டிய பாட்டுகளுக்கு ஜானும் பாலும் இடம் கொடுப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம். அது வீண் ஆதங்கமும் அல்ல. கோஷ்டி பிரிந்ததும் 1970லேயே மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பாக அவர் பாட்டுகளை வெளியிட்டார். அத்தனை சரக்கு உள்ளே தேங்கிக் கிடந்தது!

கடைசியாக, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வது யார் என்ற தகராறு. ஆலன் கிளைன் என்ற அமெரிக்கர் வேண்டும் என்றார் ஜான். ஜார்ஜும் ரிங்கோவும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். பால் தம் மாமனாரும் மைத்துனருமான ஈஸ்ட்மன் வக்கீல்களே இருக்கட்டும் என்றார். சம்பந்தி வீட்டு வக்கீல் கையில் பெட்டிச் சாவியைக் கொடுக்க மற்ற மூவரும் சம்மதிப்பார்களா? கிளைன்பால் யோகோவுக்கும் அபிமானம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்று ஓட்டுகளில் அவருக்கு ஓட்டு ஒன்றுகூட இல்லை. 1973ல் அந்த மூவருமே கிளைனைக் கைவிட்டு வழக்காடினார்கள். பால் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

1969 செப்டம்பரில் ஜான், தாம் விலகுவதாகத் தோழர்களிடம் சொன்னார். வியாபாரப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் விஷயம் வெளிவராமல் அமுக்கப்பட்டது. 1970 ஏப்ரல் 10ந் தேதி பால் பிரிந்துவிட்டார் என்ற செய்தி உலகத்தைக் குலுக்கியது. அந்த வருஷம் டிசம்பர் 31ந் தேதி லண்டன் ஹைகோர்ட்டில் பாகஸ்தர் ஒப்பந்தத்தைக் கலைக்கும்படி வழக்குப் போட்டவரும் பால்தான். சட்டப்படி எல்லாம் முடிய 1975 ஆயிற்று.

ஓர் இழவு, ஒரு கடை நஷ்டம், ஒரு தம்பியின் மனத்தாங்கல், ஒரு வக்கீல் தகராறு. கூட்டுக் குடும்பம் பிரிய இவற்றுக்கு மேல் என்ன வேண்டும்?

இதே சமயத்தில் இன்னொரு மருமகளும் வந்தார். பால் 1969 மார்ச் 12ந் தேதி லிண்டா என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். பதிவு அலுவலகத்தின் வாசலில் ரசிகைகள் நின்று அழுதார்கள். பின்னால் கணவரோடு மேடையேறிப் பாடியதற்காக லிண்டாவும் பரிகாசத்துக்கு ஆளானார். ஒரு சாரார் பழியை அவர் தலையிலும் ஏற்றினார்கள். நாலு ஆண்பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். குற்றவாளிகள் இரண்டு பெண்கள்!

முந்தானையில் முடிந்தாரா?

ஜானை யோகோ முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார் என்று சொன்னவர்கள், 1973ல் அவரே கணவரை வீட்டை விட்டு அனுப்பியதை அறிந்து திகைத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஜான் பிரிந்திருந்தார். குடித்தார், கூத்தடித்தார், கடைசியில் வீடு திரும்பினார். 1975 அக்டோபர் 9ந் தேதி, ஜானின் பிறந்த நாளன்றே, ஷான் என்ற பிள்ளை பிறந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நம் வாசகிகள் ரசிப்பார்கள். உலகப் புகழ் பெற்ற பாடகர் பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஐந்து வருஷம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். யோகோ கீழே ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கணக்கு வழக்குகளைப் பார்த்துச் சொத்தைப் பெருக்கினார். மூத்த பிள்ளை ஜூலியனுக்குக் கிடைக்காத தகப்பனார், இளைய பிள்ளைக்குக் கிடைத்தார். ஜூலியனுக்கு இது ஆறாத புண்ணாக இருந்ததில் வியப்பென்ன?

யோகோவுக்கும் தம் பங்குக்கு ஒரு புண் இருந்தது. 1971ல் அவருடைய முன்னாள் கணவர் மகள் கியோகோவை அழைத்துக்கொண்டு தலைமறைவானார். குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியும் பயனில்லை. 8 வயதில் பிரிந்த மகளைத் தாயார் மறுபடி கண்டது 1990களில். பிறர் வீட்டைப் பிரித்தவர் என்று உலகம் தூற்றிய பெண், தம் மகளின் முகத்தைக் காண இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்.

1980 டிசம்பர் 8ந் தேதி இரவு, நியூயார்க்கில் தங்கள் வீட்டு வாசலில், யோகோ பக்கத்திலிருக்கும்போதே ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷானுக்கு 5 வயது. சவ அடக்கச் சடங்கு எதுவும் வேண்டாம், டிசம்பர் 14ந் தேதி எல்லோரும் 10 நிமிஷம் மௌனமாயிருங்கள் என்று யோகோ கேட்டுக்கொண்டார். உலகெங்கும் ஜனங்கள் அவ்விதமே நின்றார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் ஊர் அவர் சொல்லைத் தட்டாமல் கேட்டது. மறு வருஷமே, கணவரின் ரத்தம் தோய்ந்த மூக்குக் கண்ணாடியைத் தம் இசைத்தட்டின் உறையில் போட்டதற்காக அவரை மறுபடி ஏசத் தொடங்கிவிட்டார்கள்.

தீர்ப்பு மாறுகிறது

2012ல் ஒரு பேட்டியில் பால் மெக்கார்ட்னியே, கோஷ்டியைப் பிரித்தவர் யோகோ அல்ல என்று கூறினார். 2021ல் பீட்டர் ஜாக்சன் என்ற டைரக்டர், 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகையின்போது எடுத்துக் கிடப்பில் கிடந்த படச்சுருள்களைத் தொகுத்து, ஏறக்குறைய 8 மணி நேரப் படமாக வெளியிட்டார். ஜனங்கள் ஆவலோடு பார்த்தார்கள். கோஷ்டியை உடைத்த சூழ்ச்சிக்காரி எங்கே? திரையில் ஒரு பெண் கணவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகை படிக்கிறார். தபால் பிரிக்கிறார். தூரிகை பிடித்து ஏதோ எழுதுகிறார். ஒருமுறை ஒலிபெருக்கியைப் பிடித்துக் காது கிழியக் கத்தவும் செய்கிறார். சண்டை வரும்போதோ, அது அந்த நால்வருக்குள்தான் வருகிறது. யோகோ அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் பிரிந்தோம் என்று ஐம்பது வருஷம் கழித்து ஜனங்கள் சொன்னால் எவ்வளவு வேடிக்கையாயிருக்கும் என்று பால் அந்தப் படத்திலேயே சொல்லிச் சிரிக்கிறார். வேடிக்கைக்குச் சொன்னது வாஸ்தவமாயிற்று!

இப்போது அந்தப் பசித்த பெண்ணிடம் திரும்பி வருவோம். ஜான் லெனனின் பாட்டுகளில் உலகம் அதிகம் பாடுவது 1971ல் வந்த 'இமாஜின்'. 'கற்பனை செய்' என்பதே அதன் பெயர். அந்தப் பாட்டின் கருத்தில் பெரும் பகுதி யோகோவின் புத்தகத்திலிருந்து வந்தது, அவருடைய பெயரையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும், அப்போது எனக்கு இருந்த ஆண்பிள்ளைச் செருக்கினால் போடவில்லை என்று ஜானே 1980ல் ஒப்புக்கொண்டார். பால் எழுதாத பாட்டுக்கும் பால் பெயரைப் போட்ட கை, மனைவியின் பெயரைப் போடத் தயங்கியது. பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக யோகோவின் பெயரும் சேர்க்கப்படும் என்று அமெரிக்க இசைப் பதிப்பாளர் சங்கம் அறிவித்தபோது வருஷம் 2017. அவருக்கு வயது 84.

2009ல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது யோகோவுக்குக் கிடைத்தது. 2024ல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகளின் பெரிய காட்சி மாதக்கணக்கில் நடந்தது. அவரைத் தூற்றிய ஊரிலேயே ஜனங்கள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

அதற்காக யோகோவைக் குற்றமற்ற பதிவிரதையாக்கிக் கோயில் கட்ட வேண்டியதில்லை. 2015ல் மறைந்த சிந்தியா, தம் மனக்குறையை இரண்டு புத்தகங்களில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜூலியனுக்கும் யோகோவுக்கும் தகப்பனாரின் சொத்து சம்பந்தமான தகராறு 1996ல்தான் தீர்ந்தது. அந்த வழக்கில் யோகோ பதில் சொல்ல வேண்டியவர், ஜானுக்கு அடுத்தபடியாக. ஆனால் கோஷ்டி பிரிந்த வழக்கு வேறு. அதில் அவர் பிரதிவாதியே அல்ல. ஒரு வழக்கில் குற்றம் செய்தவளை இன்னொரு வழக்குக்கும் சேர்த்துத் தண்டித்துவிடுவது ஊருக்குச் சௌகரியமாயிருந்தது. நாம் உயிராய் நேசித்த நால்வரும் பணத்துக்கும் பெருமைக்கும் அடித்துக்கொண்டார்கள் என்று ஒப்புக்கொள்வதைவிட, யாரோ ஒருத்தி வந்து கெடுத்தாள் என்று நம்புவது மனசுக்கு இதமல்லவா?

அடுத்த முறை நம் தெருவில் ஒரு வீடு பிரியும்போது, வாசலில் நின்று பேசுகிற நாலு பேரில் நாமும் ஒருவராக இருக்கக் கூடும். மருமகள் வந்து எத்தனை மாசமாயிற்று என்று கேட்பதற்கு முன்னால், கடைக் கணக்கைப் பார்த்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே!